கழுத்தில் நரம்புக் கட்டி எடுத்தபின் குரல் போனது ஏன், இனி என்ன செய்வது?

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அண்ணனுக்கு 44 வயது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி மண்டியில் ஏலம் கூவுகிறவர். வலது பக்கக் கழுத்தில், தாடைக்குக் கீழே, பல வருடமாக வலியில்லாத ஒரு கட்டி. டிபி கட்டியோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள், ஊசி குத்திப் பார்த்ததில் அப்படி இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்து, ஒரு மாதத்துக்கு முன் ஆபரேஷன் நடந்தது. பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஷ்வானோமா’, புற்றுநோய் இல்லை. ஆனால் அன்றிலிருந்து குரல் வெறும் காற்றாக வருகிறது. வலது கண் இமை இறங்கியிருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளத்தில் காதுக்குக் கீழே சுரீரென்று இழுக்கிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. ‘டாக்டர் நரம்பை அறுத்துட்டார்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற புத்தூருக்குக் கூட்டிப் போய் எண்ணெய் போட்டு உருவலாமா என்றும் பேச்சு நடக்கிறது. இதெல்லாம் சரியாகுமா, யார்மேல் தப்பு, எப்போது வேலைக்குப் போகலாம் என்பது கேள்வி.

நான் குரலுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தருகிற தெரபிஸ்ட். கழுத்து ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் கடைசியாக எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்: புரையேறுவது. குரல் போனது ஊருக்கே கேட்கிறது, இமை இறங்கியது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் வீட்டில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்த நான்கில் உயிருக்கு ஆபத்து வரக்கூடியது தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போவது ஒன்றுதான். குரல்நாண்கள் பேசுவதற்கு மட்டும் இருப்பவை அல்ல. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அவை இறுக மூடி மூச்சுக்குழாயைக் காக்கின்றன. வலது நாண் அசையாமல் நின்றுவிட்டால் நடுவில் இடைவெளி விழும், நீர் அதன் வழியாக இறங்கும். கட்டி கழுத்தில் எவ்வளவு மேலே இருந்தது என்பதைப் பொறுத்து, தொண்டைக்கு உணர்ச்சி தருகிற கிளையும் சோர்ந்திருக்கலாம். அப்படியானால் நீர் உள்ளே போவதே அவருக்குத் தெரியாது, இருமலும் வராது. ஆகவே ‘இப்பல்லாம் புரையேறலை, பரவாயில்லை’ என்று அவர் சொன்னால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். குடித்து முடித்ததும் குரல் ஈரமாக, களகளவென்று மாறுகிறதா, சாயங்காலத்தில் காய்ச்சல் வருகிறதா, சளி கூடுகிறதா, உடம்பு இளைக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இன்றைக்கே மாற்ற வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் சொம்பை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக் குடிப்போம். தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாய் நன்றாகத் திறந்துகொள்ளும், நீரும் வேகமாக இறங்கும். அசையாத குரல்நாண் உள்ளவருக்கு இதைவிட மோசமான முறை கிடையாது. டம்ளரில் வாய் வைத்து, சிறு மடக்காக, மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக் குடிக்கச் சொல்லுங்கள். தலையை வலது பக்கம், அதாவது சோர்ந்த பக்கம் திருப்பி விழுங்கினால் அந்தப் பக்கத்துத் தொண்டை மடிந்து மூடிக்கொள்ளும், உணவு நல்ல பக்கமாக இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டும் உதவும். ஆனால் எல்லோருக்கும் ஒரே முறை ஒத்துவராது. மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டோ, பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோ எடுத்தோ பார்த்தால் அவருக்கு எது ஒத்துவருகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

என்ன கொடுப்பது? நீர்த்த பொருள்தான் சிரமம். நம் பக்கத்துக் கேழ்வரகுக் கூழைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்தால் அதுவே சரியான பதம். குழைத்த தயிர்சாதம், கெட்டிக் கஞ்சி, மசித்த இட்லி நல்லது. ரசம் சாதம் வேண்டாம். சோறு வாயில் இருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்குப் போய்விடும். உதிரியான பிரியாணியும் இப்போதைக்கு வேண்டாம். சாப்பிட்டதும் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காரட்டும். இரண்டு வேளையும் பல் துலக்கட்டும், ஏனென்றால் நுரையீரலுக்குள் போகிற எச்சிலில் கிருமி எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு நிமோனியா வரும் வாய்ப்பும் குறைவு.

இனி, ஏன் இப்படி ஆயிற்று என்பது. நரம்பைச் சுற்றி உறைபோல் அமைந்திருப்பவை ஷ்வான் செல்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் தியோடர் ஷ்வான் கண்டு சொன்னவை. அதில் ஒரு செல் பெருகித் திரண்டால் ஷ்வானோமா. மெல்ல வளரும், பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக இருக்கும், புற்றாக மாறுவது மிக அபூர்வம். இங்கே புரிந்துகொள்ள வேண்டியது, கட்டி நரம்புக்குப் பக்கத்தில் இருந்த பொருள் அல்ல, நரம்பிலேயே முளைத்தது. நரம்பிழைகள் அதன் மேலே விரிந்து, மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கும். பலாச்சுளையை நீளவாக்கில் கீறிக் கொட்டையை மட்டும் பிதுக்கி எடுப்பதுபோல், இழைகளுக்கு நடுவே உறையைப் பிளந்து உள்ளேயிருப்பதை மட்டும் எடுக்கிற முறை உண்டு. அதுதான் நரம்பின் வேலையைக் காப்பாற்றக் கூடுதல் வாய்ப்புள்ள முறை. அப்படிச் செய்தாலும் இழைகள் இழுபடும், நசுங்கும், அவற்றுக்கு வரும் ரத்த ஓட்டம் குறையும். கைதேர்ந்த சர்ஜன் நரம்பை முழுசாக விட்டு வைத்த பிறகும் குரல் போவதுண்டு. நியூரோஃபைப்ரோமா என்ற இன்னொரு வகையில் இழைகள் கட்டிக்குள்ளேயே ஊடுருவி ஓடும், அங்கே பிரித்தெடுப்பது இன்னும் கடினம்.

நீங்கள் எழுதிய நான்கு தொல்லைகளும் நான்கு நரம்புகளால் வந்தவை அல்ல, இரண்டே நரம்புகளால் வந்தவை. குரலும் புரையேறுவதும் வேகஸ் நரம்பைச் சேர்ந்தவை. இமையும் முதல் கவள வலியும் சிம்பதெடிக் நரம்புச் சங்கிலியை, அதாவது வியர்வை போல் தானாக நடக்கிற வேலைகளைக் கவனிக்கிற நரம்பைச் சேர்ந்தவை. கழுத்தில் இரண்டும் அருகருகே ஓடுகின்றன. வேகஸ், கரோடிட் தமனிக்கும் ஜுகுலர் சிரைக்கும் நடுவில் இறங்குகிறது. அதில் கட்டி வளர்ந்தால் இரண்டு ரத்தக்குழாய்களையும் பிரித்துத் தள்ளும். சிம்பதெடிக் சங்கிலி அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது, அதில் வளர்ந்தால் இரண்டையும் சேர்த்து முன்னால் தள்ளும். எம்.ஆர்.ஐ. படத்தில் இது பெரும்பாலும் தெரியும். உங்கள் அண்ணனுக்குக் கட்டி வேகஸில் முளைத்து, அதை எடுக்கும்போது பின்னாலிருந்த சங்கிலி இழுபட்டிருக்கலாம், அல்லது நேர்மாறாகவும் இருக்கலாம். விடை ஆபரேஷன் நோட்ஸில், அதாவது ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்று சர்ஜன் எழுதிவைக்கும் குறிப்பில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, ஆபரேஷன் நோட்ஸ் வேறு. பின்னதன் நகலைக் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவ கவுன்சில் விதிகளின்படி, எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த நரம்பில் கட்டி முளைத்தது, அந்த நரம்பு முழுசாக விடப்பட்டதா வெட்டப்பட்டதா, வெட்டப்பட்டிருந்தால் அங்கேயே சேர்த்துத் தைத்தார்களா. இனி யாரிடம் போனாலும் அவர் கேட்கப்போகிற கேள்வி இதுதான்.

யார்மேல் தப்பு என்பதற்கு என்னால் முடிந்த நேர்மையான பதில்: நரம்பு சோர்ந்திருப்பதை மட்டும் வைத்துத் தப்பு நடந்தது என்று சொல்ல முடியாது. நரம்பிலேயே முளைத்த கட்டியை எடுத்தால் அந்த நரம்பு பலவீனமாவது எதிர்பார்க்கக்கூடிய விளைவு. ஆனால் ‘குரல் போகலாம், இமை இறங்கலாம்’ என்று ஆபரேஷனுக்கு முன்பே அவருக்குப் புரிகிற தமிழில் சொன்னார்களா என்று கேட்பது முற்றிலும் நியாயம். குரலை வைத்துப் பிழைக்கிறவருக்கு, வளராத கட்டியை எடுக்காமல் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவதும் ஒரு வழி என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்தில் ஃபாலோ-அப்பை விட்டுவிடாதீர்கள், அதுதான் என் கவலை.

குரலுக்கு வருகிறேன். ஒரு மாதத்தில் முடிவு சொல்ல முடியாது. நரம்பு இழுபட்டு அதிர்ந்து மட்டும் இருந்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் திரும்பும். உள்ளிழைகள் அறுந்திருந்தால் அவை மீண்டும் வளர்வது நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான். குரல்நாணுக்குப் போகிற கிளை நேராகப் போவதில்லை. வலது பக்கத்தில் அது காறை எலும்புக்கு அடியில் ஓடும் தமனி வரை இறங்கி, அதைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் மேலே ஏறுகிறது. அதனால்தான் 6 மாதம், 1 வருடம் என்று டாக்டர்கள் பார்க்கச் சொல்கிறார்கள்.

அந்த ஒரு வருடமும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. அசையாத நாணுக்குள் ஜெலட்டின், ஹயலுரோனிக் அமிலம், அல்லது உடலிலிருந்தே எடுத்த கொழுப்பு என்று எதையாவது ஊசியால் நிரப்பி நடுக்கோட்டுக்குத் தள்ள முடியும். மற்ற நாண் வந்து அதன்மேல் சேரும், குரல் வரும், புரையேறுவதும் குறையும். ஜெலட்டின் சில வாரங்களிலும் ஹயலுரோனிக் அமிலம் சில மாதங்களிலும் கரைந்துவிடும். அதற்குள் நரம்பு எழுந்துகொண்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. உங்கள் அண்ணனுக்குப் புரையேறுகிறது என்பதால் இந்த ஊசியைப் பற்றி இப்போதே பேச வேண்டும், ஆறு மாதம் கழித்தல்ல.

நரம்பு திரும்பாது என்று உறுதியானால் தைரோபிளாஸ்டி. ஜப்பானிய மருத்துவர் இஷிக்கி 1974இல் விவரித்த ஆபரேஷன். குரல்வளைக் குருத்தெலும்பில் சிறிய சன்னல் வெட்டி, சிலிகோன் போன்ற ஒரு துண்டைச் செருகி நாணை நிரந்தரமாக நடுவுக்குத் தள்ளுவார்கள். வழக்கமாக மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுத்தான் செய்வது, ஏனென்றால் நோயாளி மேஜையில் படுத்தபடியே பேச வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பார், சர்ஜன் துண்டின் அளவைக் கூட்டிக் குறைத்துக் குரலைக் கேட்டுச் சரிசெய்வார். நேற்றுவரை காற்றாக வந்த ‘மூணு’ திடீரென்று மணியாக ஒலிப்பதைக் கேட்டு அந்த மேஜையிலேயே கண் கலங்கியவர்கள் உண்டு. பழைய குரல் அப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன். போனில் பேசவும், கடையில் பேசவும், ஒரு அறை முழுக்கக் கேட்கவும் போதுமான குரல் வரும்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ‘ஆ’ என்று விடாமல் எத்தனை விநாடி சொல்ல முடிகிறது என்று போனில் நேரம் பாருங்கள். ஆரோக்கியமான ஆணுக்கு 20 விநாடிக்குப் பக்கத்தில் வரும். ஒரு நாண் அசையாதவருக்கு 5, 6 விநாடியில் காற்றுத் தீர்ந்துவிடும். வாரம் ஒரு முறை எழுதி வையுங்கள். கூடிக்கொண்டே போனால் நல்ல அறிகுறி. எங்களுக்கும் அந்தத் தாள் உதவும். கிசுகிசுப்பதும் வேண்டாம், அடித்தொண்டையில் அழுத்திக் கத்துவதும் வேண்டாம். அழுத்திப் பேசினால் நல்ல பக்கத்து நாணும், அதற்கு மேலே இருக்கிற தசைகளும் தப்பான பழக்கத்துக்குப் போய்விடும், பின்னால் அதை மாற்றத்தான் அதிக நாள் ஆகும்.

இமை இறங்கியதற்கு ஹார்னர் சிண்ட்ரோம் என்று பெயர். 1869இல் எழுதிய சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் ஹார்னரின் பெயரால் வந்தது. இமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கும், கண்பாப்பா சிறுத்திருக்கும், அந்தப் பக்கத்து முகம் வியர்க்காது. வேலூர் வெயிலில் இதைப் பார்த்தால் பயந்துவிடுவீர்கள்: அக்கினி நட்சத்திரத்தில் மூட்டை இறக்கிவிட்டு நிற்கிற ஆளின் இடது நெற்றியில் வியர்வை வழியும், வலது பாதி மூக்குத்தண்டோடு கோடு போட்டதுபோல் காய்ந்திருக்கும். பார்வைக்கு இதனால் கெடுதல் இல்லை. சில மாதத்தில் குறையலாம், நிலைத்தும் விடலாம். நிலைத்தால், அது அவரை வருத்தினால், இமையைத் தூக்கும் சிறு ஆபரேஷன் உண்டு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இனி எப்போது தலையில் அடிபட்டோ மயங்கியோ ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ‘கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு வலது கண்பாப்பா சின்னதாகத்தான் இருக்கும்’ என்று வீட்டில் யாராவது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் கவள வலியைப் பற்றி நம் பக்கத்தில் யாருக்கும் தெரிவதில்லை, டாக்டர்களிலும் பலர் கேள்விப்பட்டிருப்பதில்லை. அதனால் சொத்தைப்பல் என்று கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு. உங்கள் அண்ணன் பல் டாக்டரிடம் போவதற்கு முன் இதைப் படித்துவிடட்டும். காதுக்கு முன்னாலும் கீழேயும் இருக்கிற பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இரண்டு வகை நரம்புகள் வருகின்றன. சிம்பதெடிக் இணைப்பு அறுந்துபோனால் மற்ற நரம்பின் தூண்டுதலுக்குச் சுரப்பி அளவுக்கு மீறித் துடிக்கிறது, முதல் கவளத்தில் சுருக்கென்று சுருங்குகிறது. இதுதான் பெரும்பாலும் ஏற்கப்பட்ட விளக்கம். இரண்டாவது, மூன்றாவது கவளத்தில் வலி தணியும். அடுத்த வேளை முதல் கவளத்தில் மறுபடியும் வரும். புளிப்புதான் பெரிய எதிரி. மாங்காய் ஊறுகாயை நினைத்தாலே சிலருக்கு இழுக்கும். ஆம்பூர் பிரியாணியோடு வருகிற கத்திரிக்காய் தொக்கைப் பல மாதம் தள்ளி வைத்தவர்கள் உண்டு. முதல் சில வாய்க்கு உப்பு, புளி இல்லாத வெறும் சோறோ இட்லியோ சிறிதாக எடுத்து, இடது பக்கம் மெல்லட்டும். காலப்போக்கில் பெரும்பாலும் குறைந்துவிடும். பொறுக்க முடியாவிட்டால் காபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மருந்துகளை டாக்டர் தருவார். அதற்கும் அடங்காவிட்டால் சுரப்பிக்குள் போட்டாக்ஸ் ஊசி போடுகிறார்கள்.

புத்தூர் விஷயம். எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டுக்குப் போவது நம் பக்கத்தில் பழக்கம்தான். இது எலும்பு அல்ல. ஒரு மாதமே ஆன புண்ணின்மேல், கரோடிட் தமனி ஓடுகிற இடத்தில் எண்ணெய் போட்டு உருவுவது ஆபத்து. அந்த இடத்தை அழுத்தினாலே நாடித்துடிப்பு இறங்கி மயக்கம் வரலாம். சோர்ந்த நரம்பைத் தேய்த்து எழுப்ப முடியாது. பி12 மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பிடட்டும், உடலில் குறைபாடு இருந்தால் அது சரியாகும். அறுந்த நரம்பை வளர்க்கும் என்று எண்ணி மாதக்கணக்கில் அதற்கே பணத்தைக் கொட்ட வேண்டாம்.

இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சில வரி. காதுமடல் மரத்திருப்பது சாதாரணம், பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். நாக்கை நீட்டினால் ஆபரேஷன் ஆன பக்கம் சாய்வதும், கீழுதடு கோணுவதும் வேறு நரம்புகளைச் சேர்ந்தவை, டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தோள் இறங்கி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனால் பிசியோதெரபியை உடனே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். அந்த நரம்பு வெட்டப்பட்டிருந்தால் சில மாதங்களுக்குள் தைத்தால்தான் பலன். கட்டி கைக்குப் போகிற நரம்புப் பின்னலில் இருந்து, எடுத்தபின் கை விரல்கள் சோர்ந்தால், சுமார் ஒன்றரை வருடத்துக்கு மேல் நரம்பு வந்து சேராத தசை பிறகு எழுவது கடினம். அப்போதும் வழி அடைபடவில்லை. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு வேறு தசையின் தசைநாரை மாற்றிக் கட்டி, கைக்கு வேலை திரும்பக் கொடுத்த டாக்டர் பால் பிராண்ட் அதை 1940களின் கடைசியில் தொடங்கியது இதே வேலூரில்தான். உடம்பில் பல கட்டிகள், தோலில் காபி நிற மச்சங்கள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் அது பரம்பரையாக வருகிற வகையாக இருக்கலாம், பிள்ளைகளையும் காட்ட வேண்டும்.

வேலைக்கு எப்போது? புரையேறுவது அடங்கி, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மண்டிக்குப் போகலாம், கணக்கு எழுதலாம், சரக்கு பார்க்கலாம். ஏலம் கூவுவதை மட்டும் இப்போதைக்கு வேறு யாராவது செய்யட்டும். தவிர்க்க முடியாவிட்டால் வாத்தியார்கள் இடுப்பில் மாட்டிக்கொள்கிற சின்ன மைக் செட் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் அழுத்தாமல் பேசினாலே போதும். இந்த வாரமே காது மூக்கு தொண்டைப் பிரிவில் குரல்நாணைக் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் நடந்த இடத்துக்குப் போக மனமில்லை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். எம்.ஆர்.ஐ. படம், பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷன் நோட்ஸ், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, நீங்கள் எழுதிவைத்த ‘ஆ’ கணக்கு, ஐந்தையும் கையோடு கொண்டு போங்கள். அதற்குள் காய்ச்சலோ மூச்சு இரைப்போ வந்தால் ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்காமல் அன்றிரவே எமர்ஜென்சிக்குப் போங்கள்.